ஷிங்கிளா, உலோகமா? வட அமெரிக்க வீட்டுக் கூரையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கனடாவிலோ அமெரிக்காவிலோ முதன்முறையாக வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களைத் திடுக்கிட வைக்கும் ஒரு வரி, வீட்டைச் சோதிப்பவர் தரும் அறிக்கையில் இருக்கும்: "கூரைக்கு இன்னும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆயுள்." கான்கிரீட் தளத்தின்கீழ் வளர்ந்தவர்களுக்குக் கூரைக்குக் காலக்கெடு உண்டு என்பதே புதிய செய்தி. மொட்டைமாடியில் விரிசல் விட்டால் பூசுவோம், தட்டோடு பதிப்போம். கூரையையே பெயர்த்தெறிந்துவிட்டுப் புதிதாகப் போடும் வழக்கம் நமக்கு இல்லை.

இங்குள்ள வீட்டின் அமைப்பு வேறு. மரச்சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் பிளைவுட் பலகைகளையோ மரச்சீவல்களை அழுத்திச் செய்த ஓ.எஸ்.பி. பலகைகளையோ அறைகிறார்கள். அதன்மேல் நீர் புகாத தாளை விரித்து, கடைசியாக ஒரு மேலுறை போடுகிறார்கள். வெயில், மழை, பனி எல்லாவற்றையும் நேரடியாக வாங்கிக்கொள்வது அந்த மேலுறைதான். காரின் டயரைப்போல அது தேய்வதற்கென்றே இருக்கிறது. தேய்ந்ததும் மாற்றியாக வேண்டும். தள்ளிப்போட்டால் நீர் பலகைக்கு இறங்கும். பலகை மக்கத் தொடங்கினால் செலவு கூரையோடு நிற்காது.

இந்த மேலுறைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருப்பது அஸ்பால்ட் ஷிங்கிள். அதற்கு மாற்றாக இன்று அதிகம் பேசப்படுவது உலோகம். இரண்டில் எது நல்லது என்று கேட்பவர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். உலோகக் கூரை என்ற ஒரே பெயரில் தரத்திலும் ஆயுளிலும் வெகுவாக வேறுபட்ட இரண்டு கூரைகள் விற்கப்படுகின்றன. ஒன்றின் பெருமையைச் சொல்லி மற்றதை விற்பதும் நடக்கிறது. அந்த வேறுபாடு தெரியாமல் ஷிங்கிளோடு உலோகத்தை ஒப்பிடவே முடியாது.

ஷிங்கிள் எப்படி உழைக்கிறது, எப்படிக் கெடுகிறது

கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்தெடுத்தபின் அடியில் தங்கும் கறுப்புக் குழம்புதான் அஸ்பால்ட்; நம் ஊரில் சாலைக்கு ஊற்றும் தார். கண்ணாடியிழை விரிப்பு ஒன்றின் இருபுறமும் இந்தத் தாரைப் பூசி, மேற்புறத்தில் பொடிக்கல்லைத் தூவி அழுத்தி, ஏறத்தாழ மூன்றடி நீளப் பட்டைகளாக நறுக்கினால் ஷிங்கிள் கிடைத்துவிடும். அதுவரை சுருள்களாக விற்கப்பட்ட தார்த்தாளை 1903இல் துண்டு துண்டாக வெட்டிக் கூரையில் பதித்தவர், மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரைச் சேர்ந்த ஹென்றி ரெனால்ட்ஸ் என்ற ஒப்பந்ததாரர். மரத்தில் சீவிய ஓடுகளைவிட மலிவு, தீப்பிடிக்கும் அபாயமும் குறைவு என்பதால் அது நாடு முழுவதும் பரவியது.

அந்தப் பொடிக்கல் நிறத்துக்காகத் தூவியது என்று பலர் நினைக்கிறார்கள். ஷிங்கிளின் உயிரே அதில்தான் இருக்கிறது. தாரைக் கெடுப்பது வெயிலின் புற ஊதாக் கதிர். கல் மூடியிருக்கும்வரை தார் நெகிழ்ந்து கொடுக்கும். கல் உதிர்ந்த இடத்தில் அது காய்ந்து விறைத்து வெடிக்கும். இதைக் கண்டுபிடிக்க ஏணி வேண்டியதில்லை. கூரையின் நீரைக் கொண்டுவரும் குழாய் தரையில் கொட்டும் இடத்தில் குனிந்து, மண்ணை விரலால் தடவிப் பாருங்கள். கறுப்பும் சாம்பலுமான கரகரப்பான துகள்கள் அங்கே குவிந்திருந்தால் அவை உங்கள் கூரையிலிருந்து வந்தவை. புதிதாகப் போட்ட கூரையும் முதல் சில மழைகளில் கொஞ்சம் உதிர்க்கும். அது தொழிற்சாலையில் சரியாக ஒட்டாமல் தங்கிய உபரி. பத்துப் பதினைந்து ஆண்டான கூரை உதிர்க்கத் தொடங்கினால்தான் கவலைப்பட வேண்டும். அடுத்த கட்டமாக ஓரங்கள் சுருளும், கறுப்புத் திட்டுகள் வெளியே தெரியும். ஆனால் வடக்குப் பக்கச் சரிவில் நெடுக இறங்கும் கறுப்புக் கோடுகளைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை பெரும்பாலும் ஈரத்தில் வளரும் நீலப்பச்சைப் பாசி; பார்வைக்கு அசிங்கமாக இருக்குமே தவிர, கூரை முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம் ஆகாது. அதைக் காட்டிக் கூரை மாற்றச் சொல்லி வீடு வீடாகக் கதவைத் தட்டுபவர்களை நம்பாதீர்கள்.

ஷிங்கிளில் முக்கியமாக இரண்டு வகை. ஒற்றைத் தாளில் மூன்று நாக்குகள் வெட்டிய பழைய வகை 15 முதல் 20 ஆண்டு உழைக்கும். இரண்டு தாள்களை ஒட்டிச் செய்த தடித்த வகைக்கு ஆர்க்கிடெக்சுரல் என்று பெயர். அது 20 முதல் 30 ஆண்டு உழைக்கும். விலை வித்தியாசம் சிறிது என்பதால், வீட்டுக்கு இரண்டாவதையே போடச் சொல்வேன். டெக்சாஸ் போன்ற கடும் வெயில் ஊர்களில் இந்த ஆயுள்களின் கீழ் எல்லையை மட்டும் நம்புங்கள்.

இதே ஷிங்கிள் ஒரு வீட்டில் 25 ஆண்டு நிற்கிறது, பக்கத்து வீட்டில் ஏழாம் ஆண்டே காற்றில் பறக்கிறது. காரணம் பெரும்பாலும் ஆணி. ஒவ்வொரு பட்டையிலும் ஆணி அடிக்க ஒரு குறுகிய கோட்டைக் குறித்திருப்பார்கள். அந்தக் கோட்டில் அடித்தால்தான் ஆணி கீழுள்ள பட்டையையும் சேர்த்துப் பிடிக்கும். காற்றழுத்தத் துப்பாக்கியை அவசரத்தில் இயக்கும்போது ஆணித்தலை தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும்; அந்த ஆணி அடித்தும் அடிக்காததுபோல்தான். பட்டைக்கு நான்கு ஆணி என்பது வழக்கமான குறைந்தபட்சம், காற்று வீசும் ஊரில் ஆறு. நான் எல்லா ஊருக்கும் ஆறு என்றே எழுதி வாங்கச் சொல்வேன். கூடுதல் செலவு அற்பம்.

இன்னொரு விஷயம் ஒட்டு. ஒவ்வொரு பட்டையிலும் ஒட்டும் தார்க்கோடு ஒன்று உண்டு. வெயில் பட்டதும் அது இளகி, மேல் பட்டையையும் கீழ் பட்டையையும் ஒன்றாக இறுக்கிவிடும். ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இது நடக்காது. நவம்பர் இறுதியில் டொராண்டோவில் போட்ட கூரை, வசந்தம் வரும்வரை ஆணியை மட்டுமே நம்பிக் கிடக்கும். குளிர்காலத்தில் போட்டே ஆக வேண்டும் என்றால், பட்டைகளைத் தார்ப்பசை வைத்துக் கையால் ஒட்டித் தரச் சொல்ல வேண்டும்.

உலோகத்தில் இரண்டு கூரைகள்

முதல் வகையில் நெளிந்த நீளத் தகடுகளை விரித்து, மேலேயிருந்து திருகாணி போட்டு இறுக்குகிறார்கள். ஒவ்வொரு திருகாணித் தலையின் அடியிலும் நீரைத் தடுக்க ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். கொட்டகைக்கும் பண்ணைக் கட்டடத்துக்கும் வந்த முறை இது. விலை மலிவு, நல்ல ஷிங்கிளைவிடச் சற்று அதிகமாக இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது வகையில் மேலிருந்து பார்த்தால் ஒரு திருகாணியும் தெரியாது. தகடுகளின் ஓரங்கள் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் உயரத்துக்கு மடிந்து எழுந்து நிற்கும். அடுத்தடுத்த தகடுகளின் மடிப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் பூட்டிவிடுவார்கள். பலகையோடு தகட்டைப் பிடித்திருக்கும் கொக்கிகள் அந்த மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். இதை ஸ்டாண்டிங் சீம் என்கிறார்கள். எழுமடிப்புக் கூரை என்று சொல்லலாம்.

இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 30 அடி, அதாவது சுமார் 9 மீட்டர் நீள எஃகுத் தகடு ஒன்று முகட்டிலிருந்து இறவாரம்வரை ஓடுகிறது என்று கொள்ளுங்கள். ஜனவரி இரவில் அது உறைநிலைக்கு 20 டிகிரி கீழே இருக்கும். ஜூலை மதியத்தில் 60 டிகிரியைத் தாண்டும். இந்த 80 டிகிரி வித்தியாசத்தில் தகடு 8 மில்லிமீட்டருக்கு மேல் நீளும், சுருங்கும். அலுமினியம் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எழுமடிப்புக் கூரையில் தகடு கொக்கியின்மேல் வழுக்கிப் போய்வரும், எதற்கும் சேதமில்லை. மேலிருந்து திருகிய தகடு எங்கே போகும்? ஒவ்வொரு பருவமும் திருகாணியை இப்படியும் அப்படியும் இழுக்கும். துளை நீள்வட்டமாகும், ரப்பர் வெயிலில் காய்ந்து பிளக்கும். ஒரு வீட்டுக் கூரையில் இத்தகைய துளைகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் திருகாணிகளைச் சோதித்து மாற்றும் வேலை வந்து நிற்கும். தகடு ஐம்பது ஆண்டு உழைக்கலாம், கூரை உழைக்காது. குடியிருக்கும் வீட்டுக்கு இந்த முதல் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தச் செலவில் நல்ல ஷிங்கிள் போடுவது மேல்.

இனி இந்தக் கட்டுரையில் உலோகம் என்று சொல்வதெல்லாம் எழுமடிப்புக் கூரையைத்தான். ஓடுபோலவும் ஷிங்கிள்போலவும் அச்சிட்ட உலோகத் துண்டுகளும் உண்டு. அவற்றிலும் ஆணி மறைந்திருந்தால் இதே வரிசையில் சேர்க்கலாம்.

தகட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. பெரும்பாலும் அது எஃகு. துரு பிடிக்காமலிருக்க அதன்மேல் துத்தநாகம் பூசியிருப்பார்கள், அல்லது 55 சதவீதம் அலுமினியமும் மீதி பெரும்பாலும் துத்தநாகமுமான கால்வல்யூம் பூச்சு இருக்கும். உப்புக்காற்று அடிக்கும் கடற்கரை வீட்டுக்கு அலுமினியத் தகடே பாதுகாப்பு. தடிமனை கேஜ் எண்ணில் சொல்வார்கள்; எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். 24 கேஜ் நல்ல தகடு, 29 கேஜ் மெலிந்தது. வண்ணப்பூச்சு பி.வி.டி.எஃப். வகையா என்று கேளுங்கள். கைனார் 500 என்ற பெயரில் சந்தையில் அறியப்படுவது அதுதான். மலிவான பாலியஸ்டர் பூச்சு சில ஆண்டுகளில் வெளுத்து, தடவினால் கையில் சுண்ணாம்புபோல் ஒட்டும்.

ஊரில் பார்த்த தகரக் கூரையின் நினைவு

உலோகம் என்றதும் நம்மவர்கள் பலரும் மூன்று காரணம் சொல்லி மறுக்கிறார்கள்: மழைச் சத்தம், வெக்கை, இடி. மூன்றுமே நாம் பார்த்து வளர்ந்த தகரக் கொட்டகையிலிருந்து வந்தவை. அங்கே தகடு வெறும் சட்டத்தின்மேல் கிடக்கும், அடியில் நேராக மனிதன் உட்கார்ந்திருப்பான். இங்கே தகட்டுக்கு அடியில் தாள், பலகை, காற்றோடும் பரண், அதற்கும் கீழே ஓரடிக்கு மேல் வெப்பக்காப்புப் பஞ்சு, பிறகு ஜிப்சம் பலகை. இத்தனையும் தாண்டி வரும் மழைச் சத்தம் ஷிங்கிள் வீட்டில் கேட்பதைவிடப் பெரிதாக இருக்காது. பரணே இல்லாமல் கூரைச் சரிவே அறையின் மேற்பரப்பாக அமைந்த வீடுகளில் கொஞ்சம் அதிகம் கேட்கும்.

வெக்கையைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். வெளிர் நிற உலோகம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கரிய ஷிங்கிள் அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். டெக்சாஸிலும் ஃப்ளோரிடாவிலும் கோடைக்கால மின்கட்டணத்தில் இது கொஞ்சம் தெரியும். குளிர் நாடான கனடாவில் இதைப் பெரிய ஆதாயமாகக் கணக்கில் எடுக்க வேண்டாம். இடியைப் பொறுத்தவரை, மின்னல் தேடுவது உயரத்தை; கூரை உலோகமா என்று அது பார்ப்பதில்லை. விழுந்தாலும் உலோகம் தீப்பற்றாது.

உங்கள் ஊர் வானம்

பனி விழும் ஊரில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பனிக்கட்டி அணை. வீட்டின் சூடு பரணுக்குக் கசிந்து கூரையின் மேல்பகுதியிலுள்ள பனியை அடியில் உருக்கும். உருகிய நீர் இறவாரத்துக்கு இறங்கும்; அங்கே அடியில் சூடு இல்லாததால் மறுபடி உறையும். உறைந்த கட்டி வரப்புபோல் நிற்க, பின்னால் தேங்கும் நீர் ஷிங்கிளின் அடிவழியாக மேல்நோக்கி ஏறிப் பலகைக்குள் நுழையும். இதனால்தான் இறவார ஓரத்தில் ஒட்டும் தன்மையுள்ள நீர்த்தடுப்புத் தாளைப் போட வேண்டும் என்று குளிர்ப் பகுதிகளின் கட்டட விதிகள் சொல்கின்றன. அமெரிக்க மாதிரி விதியின்படி அது வெளிச்சுவருக்கு உட்புறமாக 24 அங்குலமாவது செல்ல வேண்டும். உலோகத்தில் பனி வழுக்கி விழுந்துவிடுவதால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் நோயின் வேர் பரணில் இருக்கிறது. வெப்பக்காப்பும் காற்றோட்டமும் சரியில்லாத வீட்டில் எந்தக் கூரையைப் போட்டாலும் அணை கட்டும். ஷிங்கிளும் அடியிலிருந்து வெந்து சீக்கிரம் கெடும். கூரைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைப் பரணுக்குக் கொடுங்கள் என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

வழுக்கும் பனிக்கு இன்னொரு முகமும் உண்டு. உலோகக் கூரையிலிருந்து பனி கொஞ்சம் கொஞ்சமாக உதிராது. ஒரு சரிவு முழுவதும் ஒரே நொடியில் பாளமாக இறங்கும். கீழே வாசற்படியோ, நிறுத்திய காரோ, விளையாடும் குழந்தையோ இருக்கலாம். வாசலுக்கும் நடைபாதைக்கும் மேலுள்ள சரிவுகளில் பனித்தடுப்புகள் பொருத்தியே ஆக வேண்டும். விலைப்பட்டியலில் இவை விடுபட்டிருப்பது வழக்கம்.

ஆலங்கட்டி விழும் பகுதிகளில் கேள்வி வேறு. 2020 ஜூன் 13 அன்று கால்கரியின் வடகிழக்குப் பகுதியில் விழுந்த ஆலங்கட்டியால் ஏற்பட்ட காப்பீட்டு இழப்பு மட்டும் நூறு கோடி கனேடிய டாலரைத் தாண்டியது. அதன்பின் அடி தாங்கும் கூரை போடுபவர்களுக்கு அந்நகர நிர்வாகம் 3,000 டாலர்வரை உதவித்தொகை கொடுத்தது. ஷிங்கிளிலும் அடி தாங்கும் வகை இருக்கிறது. யு.எல். 2218 என்ற சோதனையில், இரண்டங்குல எஃகு உருண்டையை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இருமுறை போட்டும் வெடிக்காவிட்டால், இருப்பதிலேயே உயர்ந்ததான நான்காம் வகுப்பு கிடைக்கும். நல்ல உலோகம் இதை எளிதாக எட்டும், ஆனால் நசுங்கும். நீர் ஒழுகாது, பள்ளம் மட்டும் தெரியும். இங்கேதான் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படிக்க வேண்டும்: டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் உலோகக் கூரைக்குக் கட்டணத் தள்ளுபடி தரும் நிறுவனங்கள், அழகு கெடுவதற்கு மட்டும் இழப்பீடு இல்லை என்ற விதியையும் அதே பத்திரத்தில் சேர்த்துவிடுவது உண்டு.

ஃப்ளோரிடாவில் வானத்தோடு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி தென் ஃப்ளோரிடாவின் கூரைகளைப் பிய்த்தெறிந்த அனுபவத்திலிருந்து பிறந்த மாநிலக் கட்டட விதி 2002இல் நடைமுறைக்கு வந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் அங்கே கூரையின் வயதைத்தான் முதலில் கேட்கின்றன. 15 ஆண்டுக்குக் குறைவான கூரைக்கு வயதை மட்டும் காரணம் காட்டிக் காப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2022இல் சட்டம் வந்தது. அதைத் தாண்டினால் இன்னும் ஐந்தாண்டு ஆயுள் இருக்கிறது என்று சோதனையில் நிறுவ வேண்டியிருக்கும். ஷிங்கிள் கிழியாமல் இருந்தாலும் பதினைந்தாம் ஆண்டில் தலைவலி தொடங்கும் ஊர் அது. ஃப்ளோரிடாவில் நிலையாகத் தங்குபவர்களை உலோகத்தின் பக்கம் தயங்காமல் அனுப்புவேன்.

தீத்தடுப்பில் இரண்டுமே உயர்ந்த வகுப்பை எட்டக்கூடியவை; அதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. சரிவு மட்டும் சில இடங்களில் நமக்குப் பதில் முடிவெடுத்துவிடும். 12 அங்குலம் போனால் 2 அங்குலமாவது ஏறாத சரிவில் ஷிங்கிள் போட விதி அனுமதிப்பதில்லை. 4 அங்குலத்துக்குக் குறைந்தால் அடியில் இரட்டைத் தாள் வேண்டும். பின்கட்டில் நீட்டிக் கட்டிய தாழ்ந்த கூரைகள் பல இந்த வரம்பில்தான் மாட்டிக்கொள்கின்றன. அங்கே எழுமடிப்பு நிற்கும்.

பணக் கணக்கு

கூரை வேலைக்காரர்கள் 100 சதுர அடியை ஒரு ஸ்கொயர் என்று எண்ணுவார்கள். 20 ஸ்கொயர் கூரைக்கு ஷிங்கிள் 12,000 டாலர், எழுமடிப்பு 30,000 டாலர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் விலை மாறும். ஆனால் இரண்டு முதல் மூன்று மடங்கு என்ற விகிதம் பெரும்பாலும் நிற்கும். உலோகம் 40 முதல் 60 ஆண்டு உழைக்கும். அதே 40 ஆண்டில் ஷிங்கிளை இருமுறை போட வேண்டும். இன்றைய விலையிலேயே 24,000. இரண்டாம் முறை விலை ஏறியிருக்கும், பெயர்த்தெடுக்கும் கூலியும் சேரும் என்று பார்த்தால் இரண்டும் ஏறத்தாழச் சமமாகும். ஆனால் அந்தச் சமநிலையைப் பார்க்க நீங்கள் அதே வீட்டில் இரண்டாம் கூரைவரை இருக்க வேண்டும். வேலைக்காகவும் பிள்ளைகளின் பள்ளிக்காகவும் ஏழெட்டு ஆண்டில் வீடு மாறுபவர்கள் நம்மில் அதிகம். உலோகத்துக்குக் கொடுத்த கூடுதல் தொகை முழுவதும் விற்பனை விலையில் திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம்.

ஆகவே பத்தாண்டுக்குள் மாறப்போகிறவர்களுக்கு என் பதில்: ஆர்க்கிடெக்சுரல் ஷிங்கிள், ஆறு ஆணி, எல்லா ஃப்ளாஷிங்கும் புதிது. ஓய்வுக்காலம்வரை இதே வீடு என்று முடிவு செய்தவர்களுக்கு, அறுபது எழுபது வயதில் மறுபடி கூரைச் செலவு வேண்டாம் என்பவர்களுக்கு, உலோகம். சூரியத் தகடு போடும் எண்ணமிருந்தால் உலோகத்துக்கு இன்னொரு மதிப்பெண். எழுமடிப்பில் கவ்விகளைக் கவ்வவிட்டே தகடுகளைப் பொருத்தலாம், ஒரு துளையும் வேண்டாம். பழைய ஷிங்கிளின்மேல் சூரியத் தகடு போட்டால், சில ஆண்டில் கூரை மாற்றும்போது அத்தனையையும் இறக்கி ஏற்றும் செலவு தனி.

ஃப்ளாஷிங் என்றேன். புகைபோக்கி, சுவர், இரண்டு சரிவுகள் கூடும் பள்ளம் ஆகிய இடங்களில் நீரைத் திருப்பிவிட மடித்துப் பொருத்தும் தகரம் அது. கூரைகள் பெரும்பாலும் ஒழுகுவது பரந்த வெளியில் இல்லை, இந்த மூலைகளில்தான். மலிவாக வரும் மதிப்பீடுகளில் "இருக்கும் ஃப்ளாஷிங்கையே பயன்படுத்துவோம்" என்ற வரி எங்காவது ஒளிந்திருக்கும். 20 ஆண்டு வெயில் பார்த்த தகரத்தைப் புதுக்கூரைக்கு அடியில் வைப்பதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

பழைய ஷிங்கிளின் மேலேயே புதியதைப் போட்டால் மலிவு என்றும் சொல்வார்கள். பல இடங்களில் இரண்டு அடுக்குவரை விதி அனுமதிக்கிறது. அப்படிச் செய்தால் அடிப்பலகை மக்கியிருக்கிறதா என்று யாராலும் பார்க்க முடியாது. பெயர்த்துவிட்டுப் போடுவதே சரி. பெயர்த்தபின் மக்கிய பலகை வெளிப்பட்டால் ஒரு பலகைக்கு என்ன விலை என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். கூரை திறந்து கிடக்கும்போது பேரம் பேச உங்களுக்கு இடமிருக்காது.

உத்தரவாதத்தில் "வாழ்நாள்" என்று அச்சிட்டிருந்தால், அது யாருடைய வாழ்நாள் என்று கீழே சிறிய எழுத்தில் பாருங்கள். பெரும்பாலும் முதல் உரிமையாளர் அந்த வீட்டில் இருக்கும்வரை என்று பொருள். முதல் பத்தாண்டு போனபின் தொகை ஆண்டுக்காண்டு தேயும். வீட்டை விற்றால் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுதிக் கொடுத்தால்தான் வாங்குபவருக்கு மாறும். பொருளுக்கான உத்தரவாதம் வேலைப் பிழைக்குப் பொருந்தாது என்பதால், வேலைக்கு ஒப்பந்ததாரர் தனியாக எத்தனை ஆண்டு தருகிறார் என்று கேளுங்கள். உலோகம் என்றால், எழுமடிப்பு வேலையை அவருடைய ஆட்களே செய்கிறார்களா, ஏற்கெனவே போட்டு ஐந்தாறு குளிர்காலம் கடந்த வீடு ஒன்றைக் காட்ட முடியுமா என்றும் கேளுங்கள். ஷிங்கிள் போடத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் கிடைப்பார்கள். தகட்டை மடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. வீட்டுரிமையாளர் சங்கம் உள்ள குடியிருப்பு என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் உலோகத்தையும் அதன் நிறத்தையும் சங்கம் அனுமதிக்கிறதா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.